பெர்சபோலிஸ் கலை: எது கடன், எது சொந்தம்?

கேள்வி இது: “பெர்சபோலிஸ் படங்களைப் பார்த்தேன். ஆட்கள் எல்லாரும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே தோரணையில் நிற்கிறார்கள். தூணின் வரிப்பள்ளம் கிரேக்கம், வாசல் காளை அசீரியா, கதவு நிலையின் மேல்விளிம்பு எகிப்து என்று படித்தேன். அப்படியானால் பழைய பாரசீக அரண்மனைகளில் அவர்களுடையது என்று என்னதான் இருக்கிறது?”

நியாயமான கேள்விதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்புகளில் பெரும்பகுதி கடன். அதை அவர்கள் மறைக்கவே இல்லை. யார் யாரிடம் என்ன வாங்கினோம் என்று எழுதியே வைத்தார்கள். ஆனால் அந்த உறுப்புகளைக் கோத்து எழுப்பிய மண்டபம் அதற்கு முன் எங்கேயும் இருந்ததில்லை. அப்புறம், அந்தக் கல்லில் எதையெல்லாம் செதுக்காமல் விடுவது என்று முடிவெடுத்தார்களே, அதுவும் சுத்தமாக அவர்களுடையது.

அதற்குள் போவதற்கு முன் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்தது எலும்புக்கூடு. ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, ரஹ்மத் மலையின் அடிவாரத்தில், பாறையை வெட்டியும் பள்ளத்தை நிரவியும் சுமார் 1,25,000 சதுர மீட்டருக்கு ஒரு மேடை கட்டினார்கள். கி.மு. 518 வாக்கில் பாரசீகப் பேரரசர் டேரியஸ் தொடங்கிய வேலை, மகன் செர்க்ஸஸ், பேரன் அர்தக்செர்க்ஸஸ் காலத்திலும் ஓயவில்லை. ஊரின் சொந்தப் பெயர் பார்சா. பெர்சபோலிஸ் என்பது கிரேக்கர் வைத்தது. இன்றைய ஈரானியர் தக்த்-இ-ஜம்ஷீத் என்பார்கள். மேடைமேல் நின்ற கட்டடங்களின் சுவர்கள் பச்சைச் செங்கல். கூரை மரம். கல்லில் செய்தது தூண், கதவு நிலை, ஜன்னல் சட்டம், மாடம், படிக்கட்டு இவ்வளவுதான். செங்கல் கரைந்து, மரம் எரிந்து போன பிறகு கதவு நிலைகள் மட்டும் வெட்டவெளியில் தனியாக நிற்கின்றன. திரைச்சீலை, கம்பளம், உலோகத் தகடு எதுவும் இல்லை. நிறமும் போய்விட்டது. அந்தச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் முழுக்க நீலம், சிவப்பு, பச்சை என்று வண்ணம் பூசியிருந்தார்கள். அதன் துகள்கள் இன்றும் இடுக்குகளில் கிடைக்கின்றன. அரசரின் அங்கி ஓரத்தில் மயிரிழை போலக் கீறிய பூவேலை இருக்கிறது. வண்ணம் பூசுகிறவருக்கு அதுதான் கோடு. ஆகவே “விறைப்பு” என்று நீங்கள் சொல்வதில் கொஞ்சம் காலத்தின் வேலையும் உண்டு.

சரி, கடனுக்கு வருவோம். இதற்கு மிக நல்ல சாட்சி பெர்சபோலிஸில் இல்லை, சூசாவில் இருக்கிறது. தமிழ் பைபிளில் எஸ்தர் கதை நடக்கிற ‘சூசான் அரமனை’ அதுதான். அங்கே டேரியஸ் தன் மாளிகை கட்டிய கதையைக் களிமண் பலகையில் எழுதி வைத்தார். ஒப்பந்தக்காரர் கொடுக்கிற சாமான் பட்டியல் மாதிரியே இருக்கும். தேவதாரு மரம் லெபனான் மலையிலிருந்து. தங்கம் சார்டிஸிலிருந்தும் பாக்திரியாவிலிருந்தும். நீலக்கல் சோக்தியானாவிலிருந்து. வெள்ளியும் கருங்காலியும் எகிப்திலிருந்து. தந்தம் எத்தியோப்பியா, சிந்து, அரக்கோசியா மூன்று பக்கத்திலிருந்தும். அப்புறம் ஆள் கணக்கு: கல்தச்சர்கள் அயோனியரும் (இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் வாழ்ந்த கிரேக்கர்) சார்டிஸ்காரரும், பொற்கொல்லர்கள் மீதியரும் (வடமேற்கு ஈரான்காரர்) எகிப்தியரும், செங்கல் சுட்டவர்கள் பாபிலோனியர். எந்த ராஜாவும் மாளிகை கட்டினால் “நான் கட்டினேன்” என்பார். இவர் “எல்லாரையும் வைத்துக் கட்டினேன்” என்கிறார். பல தேசத்துக் கை தெரிவது இவருக்குக் குறை இல்லை, அதுவே தம்பட்டம்.

இந்தக் கைகளை உளித்தடத்திலேயே பார்க்கலாம் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. பசர்கடே என்பது டேரியஸுக்கு முந்தைய சைரஸின் ஊர். அவருடைய கல்லறை இன்னும் முழுசாக நிற்கிறது: ஆறு அடுக்குப் படி, மேலே சாய்வுக் கூரை போட்ட சின்ன அறை, மொத்தம் சுமார் 11 மீட்டர் உயரம். ஒரு பேரரசருக்கு இவ்வளவு சின்னதா என்று தோன்றும். கல்லோடு கல் சேர்க்கச் சாந்து இல்லை. புறாவால் வடிவத்தில் குழி வெட்டி இரும்புப் பிடி வைத்து ஈயம் காய்ச்சி ஊற்றும் முறை. இதெல்லாம் லிடியா (சார்டிஸ் அதன் தலைநகர்), அயோனியா பக்கத்துக் கல்தச்சர் வேலை. ஆனால் சைரஸ் காலக் கல்லில் பல்லுளி பட்ட தடம் இல்லை. நுனியில் பல் பல்லாக வெட்டிய அந்த உளி, சீப்பு இழுத்த மாதிரி இணைகோடுகள் விட்டுப்போகும். டேரியஸ் காலத்தில்தான் அது ஈரானுக்கு வருகிறது. எனவே ஒரு கல்லின் மேற்பரப்பைப் பார்த்தே இது முந்தியதா பிந்தியதா என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. கல்வெட்டு பொய் சொல்லலாம், உளித்தடம் சொல்லாது. பசர்கடேயில் ‘நான் சைரஸ்’ என்று தொடங்கும் கல்வெட்டுகளையே பின்னால் டேரியஸ் வெட்டுவித்தார் என்று பல அறிஞர்கள் நினைக்கிறார்கள்.

அங்கே ஒரு வாசல் மண்டபத்தில் நான்கு சிறகு கொண்ட மனித உருவம் இருக்கிறது. சிறகு அசீரியா, அங்கி ஏலாம் (தென்மேற்கு ஈரானின் பழைய நாடு), தலையில் இருப்பது எகிப்தியக் கிரீடம். கடனின் உச்சம் என்று இதைச் சொல்லலாம். தையல் தெரிகிற ஒட்டுத்துணி. ஒரு தலைமுறை கழித்து பெர்சபோலிஸில் அந்தத் தையல் மறைந்துவிடுகிறது. அதுதான் இந்தக் கலையின் வளர்ச்சி.

இப்போது சொந்தச் சரக்கு. மண்டபத்தைப் பாருங்கள். ‘அபதானா’ என்ற டேரியஸின் சபை மண்டபம், பக்கத்துக்குச் சுமார் 60 மீட்டர் சதுரம். உள்ளே 36 தூண், மூன்று பக்கத் தாழ்வாரங்களில் பன்னிரண்டு பன்னிரண்டாக 36, ஆக 72. இன்று நிற்பவை 13. உயரம் ஏறக்குறைய 19 மீட்டர். ஏதென்ஸின் பார்த்தனான் தூண்கள் பத்தரை மீட்டரைத் தொடாது. ஆனால் உயரம்கூடப் பெரிதில்லை, இடைவெளிதான் விஷயம். எகிப்தின் கர்னாக்கில் 134 தூண்கள் இருக்கின்றன. பருத்த தூண்கள், நெருக்கமாக, ஏனென்றால் மேலே கல் உத்தரம். கல் உத்தரத்தை நீளமாகப் போட்டால் நடுவில் ஒடிந்துவிடும். கிரேக்கர் தூண்களைக் கோயிலுக்கு வெளியே வேலி போல நிறுத்தினார்கள். உள்ளே இருந்தது சாமிக்கான அறை, ஜனங்களுக்கானது இல்லை. பாரசீகர் லெபனான் தேவதாருவை உத்தரமாகப் போட்டார்கள். மரம் நீளமாகத் தாங்கும், எடையும் குறைவு. அதனால் மெல்லிய தூண்களை எட்டு மீட்டருக்கும் மேல் தள்ளித் தள்ளி நிறுத்த முடிந்தது. நடுவில் பெரும் கூட்டம் நிற்கலாம், எங்கிருந்து பார்த்தாலும் பார்வை மறையாது. எகிப்து, கிரேக்கம் இரண்டும் தூணைக் கடவுளுக்காக நட்டன. இங்கே தூண், அரசரைப் பார்க்க வருகிறவர்களுக்காக.

இந்தத் தூண் மண்டப யோசனை வெளியிலிருந்து வந்ததும் இல்லை. மேற்கு ஈரானில் ஹசன்லு, கோதின் தெபே, நூஷ்-இ-ஜான் போன்ற இடங்களில் மரத்தூண் மண்டபங்கள் முன்பே இருந்தன, ஹசன்லு கி.மு. 800 வாக்கிலேயே எரிந்துபோன ஊர். உள்ளூர் மலைக்காரர்களின் பழைய மரக்கொட்டகைக்கு அயோனியக் கல்தச்சர் கல்லில் கால் செய்து கொடுத்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

அந்தத் தூணின் தலையில் வருவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு காளைகள், முன்னங்காலை மடக்கிப் படுத்த நிலையில். சில இடங்களில் சிங்கம், சில இடங்களில் கழுகுத் தலைச் சிங்கம். அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். இரண்டு கழுத்துக்கும் நடுவில் சேணம் போல ஒரு பள்ளம் இருக்கிறது, அதில்தான் உத்தரம் உட்காரும். நம் தச்சர்கள் போதிகை என்கிறார்களே, அந்த வேலையைக் காளை செய்கிறது. எப்படித் தெரியும், கூரைதான் எரிந்துவிட்டதே என்றால், அதற்கும் சாட்சி இருக்கிறது. பக்கத்து நக்ஷ்-இ-ருஸ்தம் குன்றில் டேரியஸின் கல்லறை வாசலை மாளிகை முகப்பு போலவே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள்: நான்கு தூண், தலையில் காளை, அதன்மேல் உத்தரம். மாளிகை போன பிறகும் அதன் மாதிரி மலையில் மிஞ்சியது. இப்படி ஒரு தூண் தலை கிரேக்கத்திலும் இல்லை, எகிப்திலும் இல்லை, அசீரியாவிலும் இல்லை.

கடன் வாங்கியதைக்கூட அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. செர்க்ஸஸ் கட்டிய ‘அனைத்து நாடுகளின் வாசல்’ அருகே மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளைகள் நிற்கின்றன. அசீரியச் சரக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் கால்களை எண்ணுங்கள். அசீரியக் காளைக்கு வழக்கமாக ஐந்து கால்: முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு காலில் நிற்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் நான்கு காலில் நடக்கும். பாரசீகச் சிற்பி அந்த ஐந்தாவது காலை எடுத்துவிட்டார். (இதே வாசலில் பிற்காலப் பயணிகள் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிப்போன ஸ்டான்லியும் 1870-ல் தன் பெயரோடு பத்திரிகைப் பெயரையும் சேர்த்து வெட்டினார். அரண்மனைச் சுவர் கண்டால் ஆணி தேடுவது எல்லா ஊர்க்காரருக்கும் உள்ள வியாதி போலும்.)

இனி ஆட்கள். அபதானாவின் கிழக்குப் படிக்கட்டை 1932-ல் ஜெர்மன் தொல்லியலாளர் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் குழு தோண்டி எடுத்தது. இடிந்த செங்கல் மண்ணுக்குள் புதைந்து கிடந்ததால் நேற்றுச் செதுக்கியது போல இருந்தது. அதில் 23 தேசத்துக் குழுக்கள் காணிக்கையோடு வருகின்றன. ஏலாமியர் ஒரு பெண் சிங்கத்தையும் குட்டிகளையும் கொண்டு வருகிறார்கள். குட்டி வேறொருவர் கையில், தாய் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. பாக்திரியர் இரட்டைத் திமில் ஒட்டகம். சாகர் என்ற நாடோடிகள் கூர்க்குல்லாவோடு. நம் துணைக்கண்டத்து ஆட்களும் உண்டு: பழைய பாரசீகத்தில் ‘ஹிந்துஷ்’, சிந்து என்ற சொல்லின் அவர்கள் உச்சரிப்பு. வெற்று மார்பு, இடுப்பில் துணி. ஒருவர் தோளில் காவடி, இரண்டு பக்கத் தட்டிலும் சின்னச் சின்னக் கலங்கள். உள்ளே தங்கப் பொடி என்பது பொதுவான கருத்து. இந்தியர் ஆண்டுக்கு 360 தாலந்து (அக்கால எடை அளவு) தங்கப்பொடி கட்டினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பின்னால் ஒருவர் கழுதை ஓட்டி வருகிறார், இன்னொருவர் கையில் கோடரிகள்.

எல்லாரும் ஒரே மாதிரி என்றீர்களே, அருகில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு குழுவின் தலைவரையும் ஒரு அதிகாரி கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். கயிறு இல்லை, விலங்கு இல்லை. எதிர்ப்பக்கம் வரிசையாக நிற்கும் பாரசீக, மீதியப் பிரபுக்களில் ஒருவர் திரும்பிப் பின்னால் நிற்பவரோடு பேசுகிறார். ஒருவர் முன்னால் உள்ளவர் தோளில் கை வைக்கிறார். ஒருவர் கையில் பூ. கல்யாண வீட்டு வாசல் வரிசை மாதிரி. ஒரே முகம்போலத் தெரிவதற்குக் காரணம் வேலைப் பங்கீடு. பல சிற்பிக் குழுக்கள் சுவரைப் பிரித்துக்கொண்டு செதுக்கின, எல்லை தெரிய அடையாளக்குறி வெட்டின. தலைமுடிச் சுருளையும் ஆடை நுணுக்கத்தையும் ஒப்பிட்டு எது எந்தக் குழுவின் கை என்று பிரித்திருக்கிறார்கள். வித்தியாசம் தெரியாமல் செய் என்பதே அவர்களுக்கு இட்ட கட்டளை. தனிச் சிற்பி பெயர் வாங்குவதற்கு இடமில்லை.

அப்புறம், என்ன இல்லை என்று பாருங்கள். அசீரிய அரண்மனைச் சுவரில் முற்றுகை, கழுமரம், வெட்டிய தலைக் குவியல் எல்லாம் வரும். பார்க்க வந்த தூதருக்குக் கை நடுங்க வேண்டும் என்பதே நோக்கம். அதே மரபிலிருந்து காளையைக் கடன் வாங்கியவர்கள் அந்தத் தலைக் குவியலை வாங்கவில்லை. பெர்சபோலிஸில் போர்க் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. சிங்கம் காளையைக் கடிக்கிறது, கதவு நிலையில் வீரன் ஒருவன் விலங்கைக் குத்துகிறான், அவ்வளவுதான் வன்முறை. அந்தச் சிங்கமும் காளையும் நவ்ரூஸ் புத்தாண்டைக் குறிக்கிறது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அழகான ஊகம், ஆதாரம் போதாது.

இதை வைத்து “பாரசீகர் சமாதானப் பிரியர்கள்” என்று முடிவுகட்டுவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. அதே டேரியஸ் மேற்கு ஈரானின் பிஸ்துன் மலையில் எதிரியின் மார்பில் கால் வைத்து நிற்கிறார், எதிரே கழுத்தில் கயிறு கட்டிய தலைவர்கள் வரிசை. காதையும் மூக்கையும் அறுத்ததை அவரே அங்கே எழுதியிருக்கிறார். நெடுஞ்சாலை ஓரத்து மலையில் அந்த முகம், விருந்து மண்டபத்தில் இந்த முகம். எந்த இடத்தில் எதைக் காட்டுவது என்று தெரிந்த அரசியல். நக்ஷ்-இ-ருஸ்தம் கல்லறையில் முப்பது தேசத்து ஆட்கள் அரசரின் மேடையைக் கைகளில் தூக்கி நிற்கிறார்கள். நான் ஆண்ட நாடுகள் எத்தனை என்று கேட்டால் இவர்களைப் பார் என்கிறது கல்வெட்டு. தூக்குகிறவர் முகத்தில் சிரமம் இல்லை என்பது சிற்பியின் கைங்கர்யம்.

உண்மையில் தூக்கியவர்களின் கணக்கும் நல்லவேளையாகக் கிடைத்தது. 1933-34-ல் மேடையின் வடகிழக்கு மூலைக் கோட்டைச் சுவருக்குள் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் சிக்கின. கி.மு. 509 முதல் 493 வரை, ஏலாமிய மொழியில், ரேஷன் கணக்கு: இந்த ஊரில் இத்தனை வேலையாட்களுக்கு இத்தனை படி பார்லி, இவ்வளவு ஒயின். பெண்கள் நிறையப் பேர், சில குழுக்களுக்குப் பெண்ணே மேற்பார்வை. பிள்ளை பெற்றவளுக்குத் தனி ரேஷன் உண்டு. ஆண் பிள்ளை என்றால் ஒரு பங்கு, பெண் பிள்ளை என்றால் அதில் பாதி. கருவூலத்தில் கிடைத்த பின்னாள் பலகைகளில் கல் வேலை, மர வேலைக்காரர்களுக்கு ஆட்டுக்கும் ஒயினுக்கும் பதிலாக வெள்ளி கொடுத்த கணக்கு வருகிறது. கூலி வாங்கியதால் எல்லாரும் தாமாக வந்தவர்கள் என்று ஆகிவிடாது. ஊர்விட்டு ஊர் கொண்டுவந்து குடியேற்றிய கூட்டங்களும் அதில் உண்டு. படிக்கட்டுச் சிற்பத்தில் ஒரு பெண்கூட இல்லை. பலகைகளைத் திறந்தால் பெண்கள்தான் கண்ணில் படுகிறார்கள்.

இந்தியாவோடு தொடர்பு உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். பாட்னா அருகே கும்ரஹாரில் எண்பது தூண் மௌரிய மண்டபம் கிடைத்தபோது, 1912-13-ல் ரத்தன் டாடா பணத்தில் தோண்டிய தொல்லியலாளர் ஸ்பூனர் உடனே பெர்சபோலிஸ் என்றார். கொஞ்சம் மிகையாகப் போய்விட்டார். ஆனால் அசோகர் தூணின் மணி வடிவம் பாரசீகத் தூணின் அடிப்பீடத்தை நினைவூட்டுவது உண்மை. அங்கே காலடியில் இருந்தது இங்கே தலைக்கு ஏறிவிட்டது. தூணும் துண்டு துண்டாக அடுக்கியது இல்லை, ஒரே கல்; கூரை தாங்காமல் வெட்டவெளியில் தனியாக நிற்கிறது. பாரசீகர் மற்றவர்களிடம் செய்ததை மௌரியர் பாரசீகரிடம் செய்தார்கள்.

கி.மு. 330-ல் அலெக்சாண்டர் வந்தார், கருவூலத்தைக் காலி செய்தார், மாளிகை எரிந்தது. ஏதென்ஸை செர்க்ஸஸ் எரித்ததற்குப் பழி என்கிறார் பழைய வரலாற்றாசிரியர் அர்ரியன். குடிபோதையில் தாயிஸ் என்ற ஏதென்ஸ் பெண் தூண்டிவிட்டது என்கிறார்கள் டியோடோரஸும் புளூட்டார்க்கும். எரிந்து விழுந்த கூரையும் சுவரும்தான் அந்தப் படிக்கட்டை மூடிக் காப்பாற்றின.

கடைசியாக ஒரு துண்டுக் கல். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, டேரியஸ் மாளிகைச் சிற்பத்திலிருந்து உடைந்தது. அரசரின் பாதமும் காலணியும் மட்டும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் காலணிமேல் மெல்லிய கீறல்கள்: தாடி வைத்த மனிதத் தலைகள், ஒன்றிரண்டு விலங்குகள், எல்லாம் அக்காலக் கிரேக்கப் பானை ஓவியர் கையில் வரும் பாணியில். அரசர் உருவத்தைச் செதுக்க வந்த யாரோ ஒரு அயோனியர், வேலைக்கு நடுவே, தன் ஊர்க்காரர் முகத்தைக் கிறுக்கியிருக்கிறார். மேலே வண்ணம் பூசியதும் மறைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வண்ணம் உதிர்ந்துபோனதால் நம் கண்ணில் பட்டுவிட்டது.